கணினியில் கோத்த கனவுப் படங்கள்: படப்பிடிப்பு முதல் கண்காட்சிச் சுவர் வரை முழுமையான வழிகாட்டி

தரைக்கு ஒரு முழம் மேலே மிதக்கும் பெண், கூடத்துக்குள் பெய்யும் மழை, ஏரியின் நடுவே தனியாக நிற்கும் கதவு. பல ஒளிப்படங்களைக் கோத்து இப்படிப்பட்ட கனவுக் காட்சிகளை உருவாக்கி, அச்சிட்டு, சுவரில் மாட்டுவது வரையிலான வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் திறமை போதாமல் சறுக்குவதை நான் அதிகம் பார்த்ததில்லை. முதலில் முடிவு செய்ய வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுத்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

கைபேசியில் ஒரு படத்தை இரண்டு நொடி பார்த்துவிட்டு நகர்பவர், அதே படம் சுவரில் இருந்தால் மூக்கு படும் தூரத்துக்கு வந்து ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவார். இந்த வகைப் படங்களுக்கு இது கட்டாயம் நடக்கும். அந்தத் தேடலில் படம் தோற்றுவிட்டால் கனவும் கலைந்துவிடும். கீழே வரும் எல்லா அறிவுரைகளும் அந்தக் கண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) படமெடுக்கக்கூடிய, எல்லா அமைப்புகளையும் கையால் மாற்றக்கூடிய கேமரா. உறுதியான டிரைபாட். அளவுநாடா. ஒரு குறிப்பேடு. வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில், பளபளப்பில்லாத ஒரு பந்து. அளவுநாடாவும் பந்தும் எதற்கு என்பது நான்காம் பகுதியில் வரும்.

கணினியில் லேயர் (படத்தின்மேல் படமாக வைக்கும் அடுக்கு), மாஸ்க் (அடுக்கின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை) இரண்டும் உள்ள எந்த மென்பொருளும் போதும். போட்டோஷாப், அஃபினிட்டி, கிம்ப் எதுவானாலும் கீழே சொல்லும் வரிசை மாறாது. மென்பொருளைவிடத் திரையை அளந்து சரிசெய்யும் கருவிக்கு முன்னுரிமை கொடுங்கள். வெள்ளைப் புள்ளி 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கண்டெலா என்று திரையை வைத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வரும் திரைகள் பெரும்பாலும் இதைவிட மிகப் பிரகாசமாக இருக்கும். அச்சு இருட்டாக வந்துவிட்டது என்ற புகாருக்கு முதல் காரணம் அச்சுக்கூடம் அல்ல, இந்தப் பிரகாசமான திரைதான்.

படத்தில் வரப்போகிறவர்களிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கிவிடுங்கள். முகம் எப்படி மாற்றப்படும், படம் காட்சிக்கும் விற்பனைக்கும் போகுமா என்பதையும் அதில் எழுதுங்கள். படம் முடிந்த பிறகு கேட்டால், மறுப்பதற்கு அவருக்கு இருக்கும் உரிமையும் நீங்கள் கொட்டிய உழைப்பும் நேருக்கு நேர் மோதும்.

2. ஒரு படத்துக்கு ஒரே ஒரு பொய்

முதல் வேலை ஒரு வாக்கியம் எழுதுவது. "ஏரியின் நடுவே ஒரு கதவு நிற்கிறது." இவ்வளவு போதும். இந்த வாக்கியத்தில் இயற்கையின் எந்த விதி மீறப்படுகிறது என்று அடிக்கோடிடுங்கள். இங்கே மீறப்படுவது ஒன்றுதான்: கதவு தண்ணீரின்மேல் நிற்க முடியாது. மற்றெல்லா விதிகளும் அப்படியே இருக்க வேண்டும். வெயில் ஒரே திசையிலிருந்து வர வேண்டும், கதவின் பிம்பம் தண்ணீரில் விழ வேண்டும், காற்று அடித்தால் அலையோடு சேர்ந்து கரையோரப் புல்லும் சாய வேண்டும்.

ஓவியர் ரெனே மக்ரீத் பகல் வானத்தின் கீழே இரவுத் தெருவை வைத்துப் பல ஓவியங்கள் வரைந்தார். அவற்றில் வீடும் மரமும் விளக்கும் எந்தத் தெருவிலும் காணக்கூடியவை. மாறியது வானம் மட்டும். அதனால்தான் பார்த்த உடனே மனம் ஒரு கணம் அதை நம்பிவிடுகிறது.

புதியவர்கள் கதவோடு பறக்கும் மீனையும் இரண்டு நிலாக்களையும் ஒரு கடிகாரத்தையும் சேர்த்துவிடுவார்கள். விதிகள் எல்லாம் உடைந்த இடத்தில் எதுவும் வியப்பளிப்பதில்லை. இரண்டாவது யோசனை நன்றாக இருந்தால் அதற்குத் தனிப் படம் செய்யுங்கள்.

3. அச்சின் அளவை இப்போதே முடிவு செய்யுங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன்பே அச்சின் அளவு தெரிந்திருக்க வேண்டும். 60 × 90 சென்டிமீட்டர் அச்சை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 200 பிக்சல் வேண்டுமென்றால் கோப்பு ஏறத்தாழ 4724 × 7087 பிக்சல் இருக்க வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு படம் 6000 × 4000 தரும். இந்த அளவில் அது அங்குலத்துக்கு 170 பிக்சல்தான்.

பெரிய படத்தைத் தள்ளி நின்று பார்ப்பார்கள், குறைந்த பிக்சல் போதும் என்று சிலர் சொல்வார்கள். நிலக்காட்சிக்கு அது சரி. பல படங்களைக் கோத்த கூட்டுப்படத்துக்குச் சரிவராது, பார்ப்பவர் கிட்டே வந்து தேடுவார் என்று மேலே சொன்னேன். 200க்குக் கீழே போக வேண்டாம்.

பின்னணியை ஒரே படமாக எடுக்காமல், கேமராவைச் செங்குத்தாக வைத்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நான்கைந்து படங்களாக எடுத்து இணைத்தால் பிக்சல் பற்றாக்குறை தீரும். ஆளைத் தனியாக எடுக்கும்போது சட்டகம் நிறைய எடுங்கள். கூட்டத்தில் எடுத்த படத்திலிருந்து ஒருவரை வெட்டிப் பெரிதாக்கினால், அவரோடு சேர்ந்து நாய்ஸ் எனப்படும் புள்ளித் துகள்களும் பெரிதாகும். பக்கத்தில் உள்ள பொருளில் துகள் நுணுக்கமாகவும் அவர் முகத்தில் பருக்கனாகவும் இருப்பது அச்சில் அப்பட்டமாகத் தெரியும்.

4. பின்னணியை முதலில் எடுங்கள்

பலரும் ஆளை முதலில் எடுத்துவிட்டுப் பொருத்தமான பின்னணியைப் பிறகு தேடுகிறார்கள். இது தலைகீழ் வரிசை. சூரியனை நம் வசதிக்கு நகர்த்த முடியாது. ஆளுக்குப் பிடிக்கும் விளக்கை நகர்த்தலாம். எனவே மாற்ற முடியாததை முதலில் எடுத்து, மாற்றக்கூடியதை அதற்கு ஏற்றபடி அமையுங்கள்.

பின்னணி எடுத்த இடத்திலேயே குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: லென்ஸின் குவியத்தூரம், தரையிலிருந்து கேமராவின் உயரம், கேமரா மேலோ கீழோ சாய்ந்திருக்கிறதா, ஆள் நிற்கப்போகும் இடத்துக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம், வெளிச்சம் வரும் திசை, நேரம். குவியத்தூரம் கோப்பிலேயே பதிவாகிவிடும். கேமராவின் உயரம் எங்கும் பதிவாகாது, அதை நாடாவால் அளந்தே ஆக வேண்டும்.

பிறகு ஆள் அல்லது பொருள் வரப்போகும் இடத்தில் பந்தை வைத்து ஒரு படம் எடுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது, வெளிச்சப் பகுதி நிழல் பகுதியாக மாறும் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா மென்மையாக இருக்கிறதா, நிழல் பக்கம் நீலமாக இருக்கிறதா, புல்தரையின் பச்சை கீழிருந்து ஏறியிருக்கிறதா என எல்லாவற்றையும் அந்தப் பந்து காட்டிவிடும். பிறகு அறைக்குள் விளக்கு அமைக்கும்போது அதே பந்தை வைத்து, இரண்டு படங்களையும் அருகருகே திறந்து ஒப்பிடுங்கள். இரண்டு பந்துகளும் ஒத்துப்போகும் வரை ஆளை அழைக்காதீர்கள்.

5. ஆளையும் பொருளையும் எடுப்பது

கேமராவின் உயரம் ஏன் அவ்வளவு முக்கியம்? சமதரையில் எடுத்த படத்தில் தொடுவானம் கேமராவின் உயரத்திலேயே எல்லாப் பொருள்களையும் வெட்டிச் செல்லும். கேமரா இடுப்பு உயரத்தில் இருந்தால், பக்கத்தில் நிற்பவருக்கும் தூரத்தில் நிற்பவருக்கும் தொடுவானம் இடுப்பிலேயே விழும். பின்னணியை இடுப்பு உயரத்தில் எடுத்துவிட்டு ஆளைக் கண் உயரத்தில் எடுத்தால், அவருடைய காலணியின் மேற்புறம் தேவைக்கு மேல் தெரியும், தலை சற்றுப் பெருத்துத் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஆள் தரையில் நிற்கவில்லை என்று தோன்றிவிடும். கணினியில் எந்தக் கருவியாலும் இதைத் திருத்த முடியாது.

ஆளை அளவு பார்த்து வைப்பதற்கும் இதே விதி உதவும். தொடுவானத்தை ஒரு கோடாக வரைந்து, அது அவருடைய உடலில் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும்வரை அளவை மாற்றினால் போதும்.

மிதக்கும் படங்களில் ஆளை ஸ்டூலில் படுக்க வைத்து ஒரு படமும், ஆளும் ஸ்டூலும் இல்லாமல் அதே இடத்தை மற்றொரு படமும் எடுப்பது வழக்கம். டிரைபாட் நகரக் கூடாது. ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் தானியங்கியிலிருந்து விலக்கிப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெற்றுப் படம் வேறு வெளிச்சத்தில் வந்து, ஸ்டூலை அழித்த இடம் திட்டாகத் தெரியும். இதில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது உடை. ஸ்டூலின் விளிம்பு அழுத்தும் இடத்தில் துணி தட்டையாகி, ஒரு நேர்கோட்டு மடிப்பு விழுந்திருக்கும். ஸ்டூலை அழித்த பிறகும் அந்த மடிப்பு நின்று, இங்கே ஏதோ இருந்தது என்று காட்டிக்கொடுக்கும். எனவே மூன்றாவதாக ஒரு படம் எடுங்கள்: ஆள் ஸ்டூலின் ஓரத்தில் நிற்க, ஒருவர் அந்தத் துணியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். தொங்கும் துணியை இந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கூந்தலுக்கும் இதுவே வழி. மிதப்பவரின் முடி தரையை நோக்கித் தொங்க வேண்டும்.

6. வெட்டி எடுப்பது

இது எல்லோரும் அதிகம் அஞ்சும் பகுதி. உண்மையில் படப்பிடிப்பு சரியாக இருந்தால் எளிதானது. ஆள் நிற்கப்போகும் பின்னணியின் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் நெருக்கமான வெற்றுத் திரைக்கு முன் எடுங்கள். பனிமூட்ட ஏரிக்குப் போகிறவரை வெளிர்சாம்பல் திரைக்கு முன் எடுத்தால், முடியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வரும் நிறம் பனியோடு கலந்துவிடும். பச்சைத் திரையின் பச்சையோ முகத்திலும் முடியிலும் ஏறிவிடும், அதை நீக்குவதே தனி வேலையாகும்.

எதையும் அழிக்காதீர்கள், மாஸ்க்கில் மறையுங்கள். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மாஸ்க்கில் மறைத்ததை அச்சுக்கு முந்தைய நாள்கூட மீட்கலாம். தானியங்கித் தேர்வுக் கருவிகள் தரும் விளிம்பு உடல் முழுவதும் ஒரே கூர்மையில் இருக்கும். நிஜப் படத்தில் அப்படி இருக்காது. ஃபோகஸில் உள்ள தோளின் விளிம்பு கூர்மையாகவும், பின்னால் நீளும் கையின் விளிம்பு மங்கலாகவும் இருக்கும். மாஸ்க்கின் விளிம்பை இடத்துக்கு இடம் கையால் மென்மையாக்குங்கள்.

7. கோர்க்கும் வரிசை

வேலைக் கோப்பு 16 பிட்டில் இருக்கட்டும். 8 பிட்டில் ஒவ்வொரு வண்ண அலைவரிசைக்கும் 256 படிகள்தான். வானத்தையோ பனியையோ இரண்டு மூன்று முறை மாற்றினாலே அந்தப் படிகள் விலகிப் பட்டை பட்டையாகத் தெரியும். கனவுப் படங்களில் மென்மையான வானமும் மூட்டமும் அதிகம் என்பதால் இது இங்கே உடனே வெளிப்படும். போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி (PSD) கோப்பு 2 ஜிபிக்கு மேல் போகாது. அதைத் தாண்டினால் பிஎஸ்பி (PSB) வடிவில் சேமியுங்கள்.

ஒவ்வொரு பொருளையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் போன்ற, மூலப் பிக்சல்களைக் காக்கும் வடிவில் கொண்டுவாருங்கள். சிறிதாக்கி, மீண்டும் பெரிதாக்கி, திருப்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சாதாரண லேயர் நுணுக்கத்தை இழக்கும்.

அதன் பிறகு வரிசை இதுதான். முதலில் அளவும் இடமும். அடுத்து வெளிச்சம். அடுத்து கான்ட்ராஸ்ட், அதாவது இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு. அதற்குப் பிறகே நிறம். நிறத்தில் கைவைக்க அவசரப்படுவதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. இரண்டு பொருள்களின் வெளிச்சம் ஒத்துப்போகாதபோது அதை நிறம் ஒத்துப்போகவில்லை என்று கண் தவறாகப் புரிந்துகொள்ளும். நிறத்தை மாற்ற மாற்ற இன்னும் விலகும்.

இதைத் தவிர்க்க, எல்லா லேயர்களுக்கும் மேலே சாம்பல் நிறம் நிரப்பிய ஒரு லேயரை வைத்து, அதன் கலப்பு முறையைக் கலர் என்று மாற்றுங்கள். படம் முழுவதும் கறுப்பு வெள்ளையாகிவிடும். இப்போது கதவின் மிக இருண்ட புள்ளியையும் அதே தூரத்தில் உள்ள கரைமரத்தின் மிக இருண்ட புள்ளியையும் ஒப்பிடுங்கள். பனிமூட்டத்தில் தூரத்துப் பொருள்களில் முழுக் கறுப்பு இருக்காது. எல்லாம் சாம்பலுக்கு ஏறியிருக்கும். அறைக்குள் எடுத்த கதவில் மட்டும் கறுப்பு அடர்ந்து கிடந்தால் அது காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் முன்னுக்குத் துருத்தும். கர்வ்ஸில் (வெளிச்ச அளவுகளை வளைகோட்டால் மாற்றும் கருவி) கறுப்பு முனையைத் தேவையான அளவு மேலே தூக்குங்கள். பலருடைய படங்களில் இந்த ஒரு திருத்தமே பாதி வேலையை முடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை முனைக்கும் இதையே செய்துவிட்டு, சாம்பல் லேயரை மறைத்து நிறத்துக்கு வாருங்கள். அப்போது நிறத்தில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சமாக இருக்கும்.

இன்னொரு சோதனை லேயரும் வைத்துக்கொள்ளுங்கள்: இருண்ட பகுதிகளை மிகையாக வெளிச்சமாக்கும் ஒரு கர்வ்ஸ். அதைப் போட்டுப் பார்த்தால், அழிக்காமல் விட்ட மாஸ்க் ஓரங்களும் பிரஷ் கோடுகளும் வெளியே வரும். அச்சுக்கு அனுப்பும் முன் மறக்காமல் இரண்டு சோதனை லேயர்களையும் நீக்குங்கள்.

8. நிழலும் பிம்பமும்

நிழல் ஒரே ஒரு கறுப்பு மங்கல் அல்ல. பொருள் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய, மிக இருண்ட ஒரு கோடு இருக்கும். அதிலிருந்து விலக விலக நிழல் வெளிறி, விளிம்பு மங்கும். இரண்டையும் தனித்தனி லேயரில் செய்யுங்கள். தொடும் இடத்துக் கோடு இல்லாவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பொருள் மிதக்கும். திறந்த வெளியில் நீல வானத்தின் கீழ் விழும் நிழலுக்குச் சற்று நீலம் உண்டு, ஆகவே வெறும் கறுப்பைத் தடவாதீர்கள். பக்கத்தில் உள்ள நிஜ நிழலிலிருந்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மிதப்பவருக்கு நிழல் எங்கே விழும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். சூரியன் 45 பாகை உயரத்தில் இருந்தால், ஒரு மீட்டர் உயரத்தில் மிதப்பவரின் நிழல் அவருக்கு நேர்கீழிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விழும். சூரியன் தாழ்ந்தால் இன்னும் தள்ளிப் போகும். வானத்தில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. அதனால் உச்சி வெயிலில் நிழலின் விளிம்பு, பொருள் இருக்கும் உயரத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு அகலத்துக்கு மங்கும்: ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு சென்டிமீட்டர். மேகமூட்டமான வானமென்றால் விளிம்பே தெரியாது, பொருளுக்குக் கீழே ஒரு மெல்லிய இருள் மட்டும் படியும்.

ஏரிக் கதவில் நிழலோடு பிம்பமும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். நிழல் வெயிலின் திசையைப் பொறுத்துச் சாயும். பிம்பம் வெயில் எங்கே இருந்தாலும் பொருளுக்கு நேர்கீழேதான் தெரியும். பிம்பம் கதவைக் கவிழ்த்து வைத்த நகலும் அல்ல. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து ஒரு கேமரா அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் பிம்பத்தில் தெரியும். கதவு சற்றே திறந்திருந்தால் மேல்சட்டத்தின் அடிப்புறம் பிம்பத்தில் கூடுதலாகத் தெரிய வேண்டும். அதற்காகக் கதவைத் தாழ்வான இடத்திலிருந்து இன்னொரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அலையிருந்தால் பிம்பம் கீழ்நோக்கி நீண்டு, துண்டு துண்டாக உடையும்.

9. கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவான பூச்சு

எல்லாப் பொருள்களும் இடத்தில் நின்ற பிறகே மூட்டம், ஒட்டுமொத்த நிறச்சாயல், கிரெய்ன் (ஃபிலிம் படத்தில் தெரிவது போன்ற நுண்துகள்) மூன்றும் வர வேண்டும். வெவ்வேறு படங்களிலிருந்து வந்த துகள்களின் மேல் ஒரே கிரெய்ன் படிந்தால் எல்லாம் ஒரே கேமராவில் எடுத்ததுபோல் நெருங்கும். அதற்கு முன் ஒவ்வொரு பொருளின் நாய்ஸையும் தனித்தனியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கிரெய்னை முன்கூட்டியே போட்டுவிட்டால் ஒவ்வொரு திருத்தத்திலும் அது சிதையும்.

கனவுத்தன்மைக்காகப் படம் முழுவதும் மங்கலான ஒளிவட்டம் பூசுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது குறைகளை மறைக்கும்போதே நம்பகத்தன்மையையும் மறைத்துவிடுகிறது.

10. தள்ளி வைத்து, திருப்பிப் பார்த்து, தேர்ந்தெடுப்பது

முடிந்தது என்று தோன்றிய படத்தைச் சில நாள்கள் திறக்காதீர்கள். பிறகு திறக்கும்போது இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய சாய்வும் தவறான வெளிச்சமும் உடனே தெரியும்.

கண்காட்சிக்குத் தேர்ந்தெடுப்பதைத் திரையில் செய்ய வேண்டாம். எல்லாப் படங்களையும் உள்ளங்கை அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே வானம் மூன்று படங்களில் வந்திருப்பதும், எல்லா ஆட்களும் முதுகு காட்டியே நிற்பதும் அப்போதுதான் கண்ணில் படும். மறுபடி வந்த மேகத்தைப் பார்வையாளர் நிச்சயம் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்த பிறகு அவர் வேறெதையும் பார்க்க மாட்டார். நன்றாக இருந்தும் இன்னொன்றைப் போலவே இருக்கும் படத்தை எடுத்துவிடுங்கள். வலிக்கும், ஆனாலும் எடுத்துவிடுங்கள்.

11. அச்சுக்கு முன் காட்சியிடத்தைப் பாருங்கள்

அச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதை அது தொங்கப்போகும் சுவரின் வெளிச்சமே முடிவு செய்கிறது. அச்சுத் துறையின் ஐஎஸ்ஓ 3664 தரத்தில் நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு), சாதாரண மதிப்பீட்டுக்கு 500 லக்ஸ் வெளிச்சம் சொல்லப்பட்டிருக்கிறது. காட்சிக்கூடத்திலோ சுவரில் 150, 200 லக்ஸ்தான் இருக்கும். அச்சுக்கூடத்தின் பளீர் வெளிச்சத்தில் அழகாக இருந்த இரவுப் படம் சுவரில் கறுப்புத் துணியாகத் தெரிவது இதனால்தான். லக்ஸ் மானியோடு போய் அளந்து, வீட்டில் அதே வெளிச்சத்தில் சோதனை அச்சுகளைப் பாருங்கள்.

சுவரின் நீளம், உயரம், நிறம், மின்விளக்குத் தண்டவாளம் எங்கே ஓடுகிறது, ஆணி அடிக்கலாமா, எதிரே சன்னல் இருக்கிறதா என்பதையும் அதே வருகையில் குறித்துக்கொள்ளுங்கள்.

12. அச்சு

தாளைத் தேர்ந்தெடுத்த பிறகே இறுதித் திருத்தம் செய்ய முடியும். பருத்தித் தாளின் மேட் பரப்பு மூட்டமான, மென்மையான படங்களுக்குப் பொருந்தும், வெளிச்சம் பிரதிபலிக்காது. ஆனால் அதில் கறுப்பின் ஆழம் குறைவு. இருளையே நம்பி நிற்கும் படங்களுக்கு, ஆழமான கறுப்பைத் தரும் பரைட்டா (பேரியம் சல்பேட் பூச்சுள்ள) தாள் பொருத்தம். தொடர் முழுவதற்கும் ஒரே தாள் இருந்தால் நல்லது.

அந்தத் தாளுக்கும் அச்சுப்பொறிக்கும் உரிய ஐசிசி புரொஃபைலை (நிறங்கள் எப்படி அச்சாகும் என்று சொல்லும் கோப்பு) அச்சுக்கூடத்திடம் வாங்கி, மென்பொருளில் சாஃப்ட் புரூஃப் செய்யுங்கள், அதாவது அச்சு எப்படி வரும் என்பதைத் திரையிலேயே பாருங்கள். படம் உயிரிழந்து வெளிறியதுபோல் தெரியும். பதறாமல், புரூஃப் பார்வையிலேயே கான்ட்ராஸ்ட்டையும் நிறத்தையும் அந்த அச்சுக்கென்று தனி லேயரில் திருத்துங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நீலமும் ஊதாவும் அதிகமுள்ள படங்களில் அச்சில் வராத நிறங்களை மாற்றித் தரும் பெர்செப்சுவல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் என்ற இரண்டு முறைகளையும் மாற்றிப் பார்த்து, வானம் திட்டாகாத ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

முழு அளவில் அச்சிடும் முன், படத்தின் மிக இருண்ட பகுதி, முகம், வானம் மூன்றிலிருந்தும் முழு அளவுத் துண்டுகள் அச்சிடுங்கள். அதே தாளில் 0, 5, 10, 15, 20, 25 என்ற மதிப்புள்ள (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை) இருண்ட கட்டங்களையும் வைத்தால், எந்த எண்ணுக்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்பாகிறது என்று தெரிந்துவிடும். கதவுக்குப் பின்னால் நீங்கள் வரைந்த படிக்கட்டு அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால், சுவரில் அது இருக்காது. கூர்மையாக்குவது இறுதி அளவில், ஒரே ஒரு முறை.

அச்சான தாளை ஒரு நாளாவது காயவிடுங்கள். உடனே கண்ணாடிக்குள் அடைத்தால் மையிலிருந்து வரும் ஆவி கண்ணாடியின் உட்புறம் மூட்டமாகப் படியும். ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை பிரதிகள் என்று முன்கூட்டியே முடிவு செய்து, 1/7 போன்ற எண்ணையும் கையெழுத்தையும் பென்சிலில் தாளின் ஓரத்தில் இடுங்கள். அறிவித்த எண்ணிக்கையைப் பிறகு கூட்டக் கூடாது. வாங்கியவருக்குக் கொடுத்த சொல் அது.

13. சட்டமும் கண்ணாடியும்

அச்சு கண்ணாடியைத் தொடக் கூடாது. ஈரப்பதத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. இடையில் அமிலமற்ற அட்டையோ இடைவெளிக் கட்டையோ வேண்டும். இருண்ட படத்துக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டால் பார்வையாளர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒளியைத் திருப்பாத கண்ணாடிக்கு வசதியில்லையென்றால், மேட் அச்சைக் கண்ணாடியின்றி அலுமினியப் பலகையில் ஒட்டிக் காட்டலாம். கை படாத இடமாக மட்டும் இருக்க வேண்டும்.

14. மாட்டுவது

படங்களை முதலில் சுவரடியில் சாய்த்து வைத்து வரிசையை முடிவு செய்யுங்கள். வாசலிலிருந்து முதலில் கண்ணில் படும் படம் தொடரிலேயே அமைதியானதாக இருந்தால், பார்ப்பவர் நின்று உள்ளே வருவார். மிக விசித்திரமானதை அங்கே வைத்தால் மற்றவை எடுபடாது.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்டிமீட்டரில் இருக்கட்டும். அளவு வேறானாலும் எல்லாப் படங்களின் நடுப்புள்ளியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஆணி அடிக்கும் உயரத்துக்குக் கணக்கு: நடுப்புள்ளி உயரத்தோடு சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, சட்டத்தின் பின்னால் உள்ள மாட்டும் கம்பியை நடுவில் இழுத்துப் பிடிக்கும்போது அதன் உச்சிக்கும் சட்டத்தின் மேல் விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். சட்டத்தின் உயரம் 90, கம்பி 8 சென்டிமீட்டர் கீழே என்றால் 150 + 45 − 8 = 187. கம்பியைத் தொங்கவிட்டு அளப்பவர்களின் படங்கள்தான் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நிற்கும்.

இடைவெளிக்கும் முன்கணக்கு போடுங்கள். 600 சென்டிமீட்டர் சுவரில் 70 அகலமுள்ள ஐந்து படங்கள்: 350 போக மீதி 250. இடையில் 30 வீதம் நான்கு இடைவெளி 120, இரு ஓரங்களிலும் 65. கூட்டுப்படங்களில் பார்க்க வேண்டியது நிறைய இருப்பதால் நெருக்கி மாட்டாதீர்கள். ஆறாவது படத்துக்கு இடமில்லையென்றால் அது கோப்புறையிலேயே இருக்கட்டும்.

15. விளக்கு

வண்ணத் தரச் சுட்டெண் (சிஆர்ஐ, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேலுள்ள எல்இடி விளக்குகள், எல்லாம் ஒரே நிற வெப்பத்தில். ஒன்று மஞ்சளாகவும் ஒன்று வெண்மையாகவும் இருந்தால் நீங்கள் பாடுபட்டுப் பொருத்திய நிறம் வீண். செங்குத்துக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்வில் விழட்டும். அதற்கு மேல் சாய்த்தால் பார்ப்பவரின் தலை நிழல் படத்தில் விழும், குறைத்தால் சட்டத்தின் நிழல் விழும். நின்று பார்க்கும் இடத்திலிருந்தும் குட்டையானவர் பார்க்கும் உயரத்திலிருந்தும் பிரதிபலிப்பைச் சோதியுங்கள்.

16. பெயர்ப்பலகை

தலைப்பு, ஆண்டு, அச்சு முறை, தாள், பிரதி எண். எப்படிச் செய்தீர்கள் என்று பலகையில் நீட்டி எழுத வேண்டாம். கனவுக்கு விளக்கம் பக்கத்திலேயே தொங்கினால் யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இரண்டை மறைக்கக் கூடாது. பிறர் எடுத்த வானத்தையோ பறவையையோ உரிமம் பெற்றுச் சேர்த்திருந்தால், உரிமம் கேட்கும் விதத்தில் பெயரைக் குறிப்பிடுங்கள். படத்தின் எந்தப் பகுதியையாவது செயற்கை நுண்ணறிவு உருவாக்கியிருந்தால் அதை வெளிப்படையாக எழுதுங்கள். ஒளிப்படங்களிலிருந்து கோத்தவை என்று சொல்லிக் காட்டும்போது, பார்வையாளர் நம்பி வருவது அந்தச் சொல்லைத்தான்.

எப்படி என்று கேட்டு வருபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு மேசையில் ஏரி, பந்து, கதவு என்று மூலப் படங்களின் சிறு அச்சுகளை ஒரு கோப்புறையில் வையுங்கள். சுவரிலிருந்து அது சற்றுத் தள்ளியே இருக்கட்டும்; படத்தைப் பார்த்து முடித்தவர்தான் அங்கே போக வேண்டும்.